கால்தடமும் கணக்கும்

ஓர் அரசு தன் மக்களைக் கணக்கெடுக்கும்போது முதலாவதாகக் கேட்கும் கேள்வி, "நீ எங்கே வசிக்கிறாய்?" என்பதாகும். "நீ எங்கே போய் வருகிறாய்?" என்று கேட்பது அரிது. அப்படிக் கேட்கப்பட்டாலும் அது பெரும்பாலும் காவலரின் கேள்வியாகவோ குடிவரவு அதிகாரியின் கேள்வியாகவோ இருக்குமேயன்றி, வீதி அமைப்பவரின் கேள்வியாகவோ வைத்தியசாலைக்கு இடம் தேடுபவரின் கேள்வியாகவோ இருப்பதில்லை. மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றை இந்த ஒரு வேற்றுமைக்குள்ளேயே அடக்கிவிடலாம். நம் மக்களின் நடமாட்டம் ஏடுகளில் ஏறாமல் போனதில்லை. துறைமுகத்து ஏடு, முகாம் ஏடு, தோட்டத்துச் செக்ரோல், குடியுரிமைக் கோவை என்று எத்தனையோ ஏடுகளில் அவர்களுடைய போக்கும் வரவும் எழுதப்பட்டன. ஆனால், அந்த எழுத்து தனி மனிதனைப் பிடித்து நிறுத்த உதவியது. சமூகத்தைத் தூக்கி நிறுத்த உதவவில்லை.

மக்கள் சென்ற தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடத்தாலும் காலத்தாலும் தொகுத்துப் பார்க்கும் ஒரு கலை இன்று உலகெங்கும் வளர்ந்துள்ளது. கையடக்கத் தொலைபேசியும் செயற்கைக்கோளும் அதற்குக் கருவிகள். இந்தக் கலை நம் மலைகளுக்கும் வரத்தான் போகிறது. அது வரும்போது மீண்டும் நம்மைப் பிடித்து நிறுத்தும் கயிறாக வருமா, நமக்கு வழி காட்டும் விளக்காக வருமா என்பதே நாம் இன்று எழுப்ப விரும்பும் கேள்வி.

முதலில் அக்கலை யாதென்று பார்ப்போம். நோர்வூட்டையே எடுத்துக்கொள்வோம். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் பிரிந்து, ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் மற்றொன்று பொகவந்தலாவைக்கும் செல்கிறது. அங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் ஒருநாள் நடையைக் கோடாக வரைந்தால் என்ன தெரியும்? லயத்திலிருந்து பிள்ளைக்காம்பிரா, அங்கிருந்து மலை, மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடம், மீண்டும் மலை, மாலையில் மீண்டும் லயம். மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான். அவளுடைய இளைய மகன் பாடசாலைக்கு இறங்கி ஏறுவது இன்னொரு கோடு. மூத்த மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே அவன் கோடு மலையேறுகிறது. தாயார் மாதந்தோறும் மருந்தெடுக்க வைத்தியசாலைக்குப் போவது நான்காவது கோடு.

ஒரு கோடு ஒரு குடும்பத்தின் கதை. ஆயிரம் கோடுகளை ஒரே தாளில் அடுக்கினாலோ, அது ஓர் ஊரின் கதையாகிறது. கோடுகள் நெருங்கித் தடித்த இடத்தில் மக்கள் எந்த வழியை நம்பி வாழ்கிறார்கள் என்பது தெரிகிறது. வீதியே இல்லாத சரிவில் கோடுகள் தடித்திருந்தால், அங்கே ஒற்றையடிப் பாதைதான் உண்மையான வீதி என்பது தெரிகிறது. பஸ் ஓடும் நேரத்தில் கோடுகள் மெலிந்தும், ஓடாத நேரத்தில் தடித்தும் இருந்தால், பஸ் நேரம் மக்களின் நேரத்தோடு பொருந்தவில்லை என்பது தெரிகிறது. டிசெம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் ஹட்டனிலிருந்து நல்லதண்ணி நோக்கி இதே வீதியில் திரள்கிறார்கள். யாத்திரைக் காலப் படத்தையும் மழைக்காலப் படத்தையும் அருகருகே வைத்தால் ஒரே சந்தி இரண்டு ஊர்களாகத் தோன்றும். இடத்தோடு காலத்தையும் சேர்த்துப் பார்ப்பதன் பயன் இதுவே.

ஆயினும், தொகுப்பது எளிது. சரியான அளவில் தொகுப்பது கடினம். பெரிய சல்லடையில் சலித்தால் சிறுமணி நழுவிவிடும். மாவட்டம் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கினால் நுவரெலியா நகரின் வசதியும் நோர்வூட் லயத்தின் வசதியின்மையும் கலந்து, இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரி பிறக்கும். இது வெறும் ஏட்டுக் கணிதமன்று. அம்பகமுவ பிரதேசத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் ஒரே பிரதேச சபையின் கீழ் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தார்கள். 2018-இல்தான் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டு நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. அளவு தவறாகும்போது மக்களின் குறையும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டுமா?

தடங்களைத் தொகுத்து வரைவது புதிய எண்ணமும் அன்று. பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்ல்ஸ் மினார் 1869-இல் ஒரு படம் வரைந்தார். 1812-இல் நெப்போலியன் உருசியாவின்மீது படையெடுத்துச் சென்ற பாதையை ஒரு பட்டையாகத் தீட்டினார். எல்லையில் அப்பட்டையின் அகலம் 4,22,000 வீரர்களைக் குறித்தது. மொஸ்கோவை நோக்கிச் செல்லச் செல்ல அது ஒடுங்கியது. திரும்பி வந்தபோது 10,000 பேரைக் குறிக்கும் நூலாக இளைத்தது. ஒரு பேரரசனின் ஆணவம் எத்தனை உயிரைக் குடித்தது என்பதை எந்தக் கவிஞனும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நம் முன்னோர் நடந்த பாதைக்கு அப்படியொரு மினார் வாய்க்கவில்லை. கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த வடபாதையை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வறட்சிக்கும் எத்தனை பேர் பலியானார்கள்? ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த தொகை இல்லை. மன்னாரில் இறங்கியோரையும் மாத்தளையை அடைந்தோரையும் ஒழுங்காக எண்ணி ஒரு பட்டையாக வரைந்திருந்தால், அது வழியில் எவ்வளவு ஒடுங்கியது என்பதே அந்த ஆட்சியின்மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரமாக இருந்திருக்கும். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தார்களே மலையக மக்களும் அவர்களுடைய நண்பர்களும், அந்த நடைபயணம் எண்ணப்படாத பழைய தடத்தின்மீது புதிய தடத்தை அடுக்கிக் காட்டிய செயலேயாகும்.

கூட்டமாக எண்ணத் தவறியவர்கள், ஆளை ஆளாகப் பின்தொடர மட்டும் தவறவில்லை. தோட்டம் விட்டுத் தோட்டம் மாற விரும்பிய தொழிலாளிக்குத் 'துண்டு' கொடுக்கப்பட்டது. அவன் பட்ட கடன் அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனை அடைக்கும் தோட்டமே அவனை எடுத்துக்கொள்ளலாம். மனிதன் எங்கே நடந்தானோ அங்கே கடனும் அவன் நிழலாய் நடந்தது. 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் காகிதத்தைக் கொண்டு காலைக் கட்டும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை.

1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனால் வெளியே தள்ளப்பட்டவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று 1949-இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அச்சட்டம் என்ன கேட்டது? 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்றது. ஒரு தடவை 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. வயது முதிர்ந்த தாயைப் பார்க்கத் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ போய், நோயாலோ வழக்காலோ திரும்பத் தாமதித்தவனுடைய பயணம், அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! மனிதனின் தடம் அவனை விசாரிக்கும் வழக்கறிஞரானது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

அன்று அந்தப் பயணங்களை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய உண்மை வேறு. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பிய மக்கள், கோப்பி அழிந்து தேயிலை பரவியபின், ஆண்டு முழுவதும் வேலை உண்டான காரணத்தால், குடும்பத்தோடு இங்கேயே வேரூன்றினார்கள் என்பதுதான் அவ்வுண்மை. கூட்டத்தின் தடம் 'இவர்கள் இந்நாட்டவர்' என்று சொன்னது. அதிகாரி ஒவ்வொருவருடைய தடத்திலும் இருந்த ஓட்டையை மட்டுமே தேடினார்.

எனில், தொகுத்துப் பார்த்தால் போதும், நீதி தானே பிறந்துவிடும் என்று கொள்ளலாமா? கொள்ள முடியாது. 1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, தொகையை மட்டுமே பார்த்த கணக்கு. மொத்தம் 9,75,000 பேர் எனக் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்று பிரித்தார்கள். 1974-இல் அந்த மிகுதியும் 75,000 வீதம் சரிபாதியாக்கப்பட்டது. கூட்டலும் கழித்தலும் பிழையின்றி இருந்தன. ஆனால் அந்த எண்களுக்குள் ஒருவருடைய பாதையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டவனாகவும் தம்பி மறு நாட்டவனாகவும் ஆனார்கள். ஹட்டன் புகையிரத நிலையத்தில் அழுத கண்ணீருக்கு அந்தக் கணக்கில் நிரல் இல்லை. நாடற்றோர் என்ற நிலையை ஒழிக்க 1988-லும் 2003-லும் தனித்தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது என்பதே, முதற் கணக்கு எவ்வளவு பொய்த்தது என்பதற்குச் சான்று.

ஆகவே, இரண்டு தவறுகளை நம் வரலாறு நமக்குக் காட்டுகிறது. தொகுக்காமல் தனி மனிதனைத் துரத்துவது ஒன்று. மனிதனை மறந்து தொகையை மட்டும் பங்கிடுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி உண்டு. தனி ஆளின் பெயரை மறைத்து, கூட்டத்தின் தேவையை வெளிப்படுத்தி, அந்தக் கூட்டத்தின் ஒப்புதலோடும் நலத்துக்காகவும் கணக்கிடுவதே அவ்வழி.

அவ்வழியில் என்ன செய்யலாம் என்பதை வடக்கிலும் கிழக்கிலும் உள்ள உழவர்கள் தம் வயலருகிலேயே காணலாம். இலங்கையில் காட்டு யானைகளின் கழுத்தில் கருவி பூட்டி, அவை திரியும் தடங்களை ஆண்டுக் கணக்கில் ஆய்வாளர் தொகுத்தார்கள். யானை காப்பகத்துக்குள்தான் வாழும். வெளியே காண்பது வழிதவறிய யானை. துரத்தி உள்ளே அடைத்தால் தீரும் என்பது பழைய நம்பிக்கை. தடங்களோ வேறு சொல்லின. யானைகள் காப்பகத்துக்கு வெளியே, மனிதர் வாழும் நிலத்திலும் பெருமளவில் வாழ்கின்றன. துரத்துவதால் மட்டும் பயனில்லை என்றன. காட்டைச் சுற்றி வேலி போடுவதைவிட ஊரையும் பயிரையும் சுற்றி வேலி போடுவது நன்று என்ற கொள்கை அதிலிருந்து வலுப்பெற்றது. நன்று, வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: காட்டில் திரியும் யானைக்கு உள்ள தடவரைபடம், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஏன் இல்லை?

நகரத்துக்கு அத்தகைய படம் உண்டு. லேர்ன் ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம், பெயர் நீக்கிய தொலைபேசி அழைப்புப் பதிவுகளைத் தொகுத்து, பகலில் கொழும்பு நகரில் இருப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியிலிருந்து வருவோர் என்று கண்டது. அதே முறையை மலையகத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் போதுமா? போதாது. தொலைபேசி உள்ளவன்தான் அந்தக் கணக்கில் மனிதன். கொழுந்து மலைக்குப் போகும் பெண் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், அவள் நாள் முழுவதும் லயத்திலேயே அமர்ந்திருந்ததாகக் கணக்குச் சொல்லும்! ஒரே தொலைபேசியை மூவர் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் இருவர் மறைந்துபோவார்கள். மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் கோபுரத்தின் எல்லை எட்டாது. எந்த மக்களுக்குப் பாதையும் பஸ்ஸும் மிகவும் தேவையோ, அந்த மக்களே படத்தில் மிக மெலிந்து தோன்றுவார்கள். 'கோடு மெலிந்திருக்கிறது, எனவே தேவை இல்லை' என்று ஓர் அதிகாரி முடிவு கட்டினால், இல்லாமையையே காரணமாகக் காட்டி இல்லாமையை நீடிக்கும் கொடுமை அது.

இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் என்பதை 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் நமக்கு உணர்த்தியது. கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்டவர் எத்தனை பேர்? முதல் நாட்களில் எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. தொகை நாளுக்கு நாள் மாறியது. பெயர்ப் பட்டியல் சொல்வது லயத்துக்கு உரியவர்களை. அந்த நேரத்தில் பிள்ளைகளுள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். பெரியவர்கள் சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள். எந்த மணிக்கு எத்தனை பேர் எந்தச் சரிவின் அடியில் இருப்பார்கள் என்ற கணக்கு இருந்திருந்தால், மண்ணைத் தோண்டியவர்களுக்கு அது வழிகாட்டியிருக்கும். முன்கூட்டியே எச்சரிக்கவும் உதவியிருக்கும். 2010-இல் ஹெயிட்டி நாட்டு நிலநடுக்கத்தின்பின், தொலைபேசித் தடங்களைத் தொகுத்து, தலைநகரைவிட்டு ஏறத்தாழ 6 இலட்சம் பேர் எந்தத் திசைகளில் வெளியேறினார்கள் என்று ஆய்வாளர் கணித்தனர். கடல்கடந்த வறிய நாட்டுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

ஆனால் விளக்கைக் கொளுத்தும்போதே தீயையும் நினைக்க வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் ஆளை அறிய முடியாது என்பது பொய். 15 இலட்சம் பேருடைய தொலைபேசித் தடங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, ஒருவர் இருந்த இடமும் நேரமுமாக நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் 100-க்கு 95 பேரைத் தனியே பிரித்துவிடலாம் என்று நிறுவியது. 2018-இல், உடற்பயிற்சிக்காக ஓடுவோரின் தடங்களைத் தொகுத்து ஒரு நிறுவனம் வெளியிட்ட உலகப் படத்தில், பாலைவனத்து இராணுவ முகாம்கள் ஒளிர்ந்தது கண்டு வல்லரசுகளே திகைத்தன. வல்லரசின் இரகசியமே தப்பவில்லை என்றால், 12 காம்பிராக்கள் கொண்ட ஒரு லயத்தின் இரகசியம் தப்புமா? யார் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனார், யார் மலையில் எத்தனை நிமிடம் இளைப்பாறினார் என்பதைக் கூடையோடு கட்டிய ஒரு கருவி துரையின் மேசைக்குச் சொல்லத் தொடங்கினால், 1921-இல் ஒழிந்த துண்டு மின்துண்டாக மறுபிறவி எடுத்துவிடும். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. அது நகரத்து வங்கி வாடிக்கையாளரைக் காப்பதோடு நின்றுவிடாமல், தோட்டத்துப் பெரட்டுக்களத்தையும் எட்டவேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. நோர்வூட் பிரதேச சபை, பாடசாலைகள், சுகாதாரப் பணிமனை, தொழிற்சங்கங்கள் ஆகியன கூடி, மழைக்காலத்தில் ஒரு வாரமும் யாத்திரைக் காலத்தில் ஒரு வாரமும் நடமாட்டக் கணக்கு எடுக்கட்டும். இதற்குச் செயற்கைக்கோள் வேண்டியதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் சந்திகளிலும் குறுக்குப் பாதைகளிலும் நின்று, மணிக்கு எத்தனை பேர், நடந்தா பஸ்ஸிலா முச்சக்கர வண்டியிலா என்று எண்ணினாலே போதும். கர்ப்பிணிகள் வைத்தியசாலையை அடைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் குடும்பநலத் தாதியர் பெயரின்றிக் குறித்துத் தரலாம். அவ்வாறு கிடைக்கும் தாளை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள மண்சரிவு அபாய வரைபடத்தின்மீது அடுக்கிப் பார்க்கட்டும். மக்கள் அதிகம் கூடும் மணியும் மண் சரியக்கூடிய சரிவும் எங்கே சந்திக்கின்றனவோ, அங்கே முதல் வேலை தொடங்கட்டும்.

நிபந்தனைகளும் உண்டு. எவருடைய பெயரும் எழுதப்படலாகாது. சிலரை மட்டுமே குறிக்கும் சிறு எண்களைத் தனியே வெளியிடலாகாது. பக்கத்து எண்ணோடு சேர்த்தே வெளியிட வேண்டும். கோட்டின் மூலப் பதிவு தோட்ட நிர்வாகத்துக்கோ காவலருக்கோ போகலாகாது. வேலை முடிந்ததும் மூலம் அழிக்கப்பட வேண்டும். தொகுப்பு மட்டுமே மிஞ்ச வேண்டும். அத்தொகுப்பு தமிழிலும் சிங்களத்திலும் சபையின் வாயிலில் ஒட்டப்பட வேண்டும். எண்ணப்பட்டவர்கள் வாசித்துப் 'பிழை' என்று சொல்ல முடியாத கணக்கு, எத்துணை நுட்பமானதாயினும் மக்கள் கணக்காகாது.

மலையகத்துப் படித்த இளைஞர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பொறியியலாளர்களுக்கும், வைத்தியர்களுக்கும் இங்கே ஒரு கடமை காத்திருக்கிறது. பிறர் நம்மை எண்ணும் காலம் நெடிது நடந்தது. துண்டும் முகாமும் உடன்படிக்கையும் அந்தக் காலத்தின் சின்னங்கள். இனி, நம்மை நாமே எண்ணிக்கொள்ளும் காலம் தொடங்கட்டும். நம் அன்னையர் தேய்த்த ஒற்றையடிப் பாதைகள் மலைதோறும் கிடக்கின்றன. அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எந்த மழையில் அறுந்துபோகின்றன என்பதை ஆட்சியாளர் மேசைமேல் ஒரே தாளில் விரித்து வைப்போம். அதன்பின், "தெரியாது" என்று சொல்ல எவருக்கும் வாய் இராது.